"எனக்கு அது வந்துடுச்சா, சிஸ்டர்?"

நர்ஸிங் முடித்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் முதல் வேலை கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பெரிய ஆஸ்பத்திரி கிடைக்கவில்லையே என்று வருத்தமாக இருக்கலாம். எனக்கும் இருந்தது. பணி ஓய்வு பெறும் வரை பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களிலேயே என் காலம் போய்விட்டது. இப்போது அதில் எந்த வருத்தமும் இல்லை.

பதற்ற நோய்களைப் பற்றி நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். அறிகுறிகளெல்லாம் உங்களுக்குத் தெரியும். நெஞ்சு படபடப்பு, வியர்வை, மூச்சிறைப்பு, கை நடுக்கம், செத்துவிடுவோம் என்ற எண்ணம். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். அந்த வரிசையை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. லூர்துசாமி என்று ஒருவர் இருந்தார். அவருக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

லூர்துசாமி சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். அந்த மாதிரி வண்டியை எங்கள் பக்கம் குட்டி யானை என்பார்கள். சிமெண்ட், வாழைத்தார், கல்யாண வீட்டு நாற்காலி என்று எதையும் ஏற்றுவார். அவர் அப்பா காலம் வரை அந்தக் குடும்பம் மற்றவர் வயலில் கூலிக்குப் போனது. லூர்து வண்டி வாங்கியபோது, தெருவே மாதா கோயில் வாசலில் கூடி நிற்க, பாதிரியார் அதை மந்திரித்து அனுப்பினார். ஆள் நல்ல உயரம். சிமெண்ட் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே பீடி பற்ற வைப்பார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மனைவி பிலோமினா. ஒரே மகள் ஜெனி, அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

தவளக்குப்பம் சந்திப்பில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவரை ஒரு தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. ரத்தம் வரும் கடி. பிலோமினா அன்றைக்கே அவரை எங்கள் நிலையத்துக்கு அனுப்பினாள். கையில் பஞ்சை ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அடுத்தடுத்த ஊசிக்கும் அப்படியே போய், அப்படியே பஞ்சோடு வந்தார். காயம் ஆறிவிட்டது. எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு நாள் மதியம், வெளிநோயாளிகள் எல்லாம் போன பிறகு, நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் பிலோமினா ஓடி வந்தாள். செருப்பு இல்லை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"சிஸ்டர், அவுரு மோட்டார் கொட்டாயில போயி உள்ள தாப்பா போட்டுக்கினாரு. தண்ணியப் பாத்தாலே ஓடுறாரு. நேத்துலேர்ந்து ஒரு வாய் தண்ணி எறங்கல. புள்ளய கிட்டவே சேக்க மாட்டேங்கிறாரு."

"நாய் கடிச்சிதே, அந்த ஊசியெல்லாம் முழுசா போட்டாச்சா?"

"எல்லாம் போட்டாச்சு சிஸ்டர். இங்கதான வந்து போட்டுக்கினாரு. பின்ன ஏன் இப்பிடி?"

அவள் அழவில்லை. அழுவதற்குக்கூட நேரமில்லாத முகம் அது. எங்கள் மருத்துவ அதிகாரி அன்றைக்கு வில்லியனூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். என்னைவிட வயதில் மிகவும் சிறிய பெண். போனில் பிடித்தேன். விஷயத்தைக் கேட்டதும் ஆம்புலன்சைத் தான் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். பிறகு, "சிஸ்டர், கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் போட்டுக்கிட்டுப் போங்க. இல்லன்னு தெரியற வரைக்கும் அதுதான்னு வெச்சிக்கணும். தண்ணி குடிச்சிக் காட்டச் சொல்லாதீங்க. என்ன பாக்கறீங்களோ அப்பப்ப எனக்குச் சொல்லுங்க," என்றார்.

ஸ்கூட்டியில் பிலோமினாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே மண்பாதை. போகும்போது நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். ஊசி எல்லாம் முழுசாகப் போட்ட ஆளுக்கு வெறிநாய்க்கடி நோய் வருவது அபூர்வம். அப்படியானால் இது பயமாக இருக்கலாம். பாதி வழியிலேயே என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பயமாக இருக்க வேண்டும் என்று நானும் விரும்பினேன். அந்த நோய் வந்துவிட்டால் செய்ய ஒன்றுமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

மோட்டார் கொட்டாய் ஒரு சின்ன செங்கல் அறை. தகரக் கதவு, கம்பி போட்ட ஒரு சன்னல். அதைச் சுற்றித் தெருவே நின்றது. பிலோமினாவின் தம்பி சகாயம் தோளில் ஒரு கயிற்றுச் சுருளோடு நின்றான். கதவை உடைத்து உள்ளே போய் ஆளைக் கட்டிவிட வேண்டும் என்பது அவன் யோசனை. அவன் கெட்டவன் இல்லை. அக்காவின் குடும்பத்தைக் காப்பாற்றத்தான் நின்றான். பயந்த கூட்டத்தில் கையில் கயிறு வைத்திருப்பவனுக்குத்தான் மரியாதை.

"யாரும் கதவத் தொட வேணாம். ஆம்புலன்ஸ் வருது. நான் பேசறன்," என்றேன்.

சன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி, கம்பிக்குள்ளிருந்து கை எட்டாத தூரத்தில் நின்றேன். உள்ளே அரையிருட்டு. மோட்டாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. ஓடி வந்தவரைப் போல நெஞ்சு ஏறி இறங்கியது. கண்கள் என்னைப் பார்த்தன, கதவைப் பார்த்தன, மறுபடி என்னைப் பார்த்தன.

"லூர்து, நான் பி.எச்.சி. சிஸ்டர். தனியாதான் பேச வந்திருக்கன்."

"கிட்ட வராதீங்க சிஸ்டர்."

"வரல. இங்கியே நிக்கறன். இன்னா பண்ணுது சொல்லுங்க."

தொண்டையை யாரோ பிடித்து நெரிப்பது போல இருக்கிறதாம். உதடு மரத்துப்போகிறதாம். விரல்கள் தாமாக மடங்கி இழுத்துக்கொள்கின்றனவாம். கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் குவிந்து, கட்டைவிரல் உள்ளே மடங்கிப் போயிருந்தது. நாய் கடித்த இடத்தில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். அது முக்கியமான கேள்வி. அந்த நோயின் தொடக்கத்தில் பழைய கடிவாயில் குறுகுறுப்பு வரும்.

"அங்கியும் குறுகுறுங்குது. ஒடம்பு பூராவும்தான் குறுகுறுங்குது."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் போக முடியவில்லை.

"எப்பலேர்ந்து இப்பிடி?"

சொன்னார். டீக்கடையில் யாரோ கைபேசியில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார்கள். வெறிநாய் கடித்த ஒரு பையனுக்கு டம்ளரில் தண்ணீர் நீட்டுகிறார்கள், அவன் துடிக்கிறான். அதைப் பார்த்த அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தண்ணீர் செம்பைத் தூக்கியதும் தொண்டை அடைத்திருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு வாய்க்கும் அடைப்பு. நேற்று முதல் செம்பைப் பார்த்தாலே வந்துவிடுகிறது.

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வீடியோ பார்த்த அன்றைக்கே ஆரம்பித்தது என்றால் பயத்தின் கணக்குதான். மெல்லச் சிரித்தபடி, "லூர்து, நீங்கதான் ஊசி எல்லாம் முழுசா போட்டுக்கினீங்களே," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போடல சிஸ்டர்."

"எத்தன போடல?"

"ஒண்ணுகூட போடல. பிலோமினாகிட்ட சொல்லிடாதீங்க."

முதல் நாள் அவர் வந்தது உண்மை. வரிசையில் நின்றிருக்கிறார். முன்னால் இருந்தவருக்கு ஊசி ஏறுவதைப் பார்த்ததும் கண் இருட்டி, வரிசையிலேயே சரிந்து விழுந்துவிட்டார். எழுப்பி உட்கார வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய ஆளா என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவர் திரும்பவில்லை. பெயர் எழுதும் முன்பே போய்விட்டதால் எங்கள் பதிவேட்டிலும் அவர் இல்லை. நான் அன்று தடுப்பூசி முகாமுக்காக வேறு ஊரில் இருந்தேன். பஞ்சை அவரே மருந்துக் கடையில் வாங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தேதிக்கும் வீட்டிலிருந்து கிளம்பி, ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, பஞ்சை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"சின்னதுலேர்ந்தே ஊசின்னா அப்பிடித்தான் சிஸ்டர். பாத்தாலே உழுந்துடுவன். எங்க சொல்றது இத?"

நான் சன்னலை விட்டு நான்கு அடி தள்ளிப் போய் டாக்டருக்குப் போன் செய்தேன். "டாக்டர், ஊசி ஒண்ணுகூடப் போடலையாம். ரத்தக் கடி."

அவர் மெதுவாகக் கேட்டார். "நீங்க என்ன நினைக்கறீங்க?"

"பயம் மாதிரிதான் தெரியுது. ஆனா இப்ப தைரியமா சொல்ல முடியல."

"நானும் சொல்ல முடியாது. அவர் கேட்டா, தெரியாதத தெரியாதுன்னே சொல்லுங்க. ஆனா தெரிஞ்சத மறைக்காதீங்க."

அந்த வாக்கியத்தை நான் பாடப்புத்தகத்தில் படித்ததில்லை. என் மகள் வயதுப் பெண் போனில் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி சன்னலுக்குப் போனேன்.

போனதும் அவர் கேட்டார். "எனக்கு அது வந்துடுச்சா, சிஸ்டர்?"

இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். வேறு நோயின் பெயரில் வரும், வேறு வார்த்தையில் வரும். அந்த நேரத்தில் "ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க" என்று சொல்லிவிடத்தான் வாய் முந்தும். அது நோயாளிக்காகச் சொல்வது போல இருக்கும். உண்மையில் நம்முடைய நடுக்கத்தை அடக்கிக்கொள்ளச் சொல்வது. லூர்து ஒரு மாதம் எல்லோரிடமும் பொய் சொன்ன மனிதர். பொய்யின் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"எனக்குத் தெரியாது லூர்து," என்றேன். "டாக்டருங்க பாத்துதான் சொல்லணும். ஆனா நான் கண்ணால பாத்தது ரெண்டு இருக்குது, அதச் சொல்றன். நீங்க பேசறப்ப நடுநடுவுல எச்சில் முழுங்குறீங்க. இன்னொண்ணு, காத்து வேணும்னு இப்ப சன்னலாண்ட வந்து மூஞ்சியக் காட்டிக்கினு நிக்கறீங்க. அந்த நோவு வந்தவங்களுக்கு மூஞ்சில காத்து பட்டாலே தாங்காது. இது ரெண்டையும் டாக்டருகிட்ட சொல்லப் போறன். இது போதுமா போதாதான்னு எனக்குச் சொல்லத் தெர்ல."

அவர் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தான் சன்னலுக்கு வந்து நின்றதையே அவர் கவனித்திருக்கவில்லை.

"அப்ப கை ஏன் இழுக்குது?"

"அது எனக்குத் தெரியும். நீங்க ரொம்ப வேகமா மூச்சு உடறீங்க. அப்பிடி உட்டா யாருக்கும் விரல் இழுக்கும், உதடு மரக்கும். வேணும்னா பாருங்க. என்கூட சேந்து மூச்ச மெதுவா வெளிய உடுங்க. உள்ள இழுக்கறதப் பத்திக் கவலப்படாதீங்க, அது தானா வரும். வெளிய உடறத மட்டும் நீட்டிக்கினே போங்க."

நானும் முகக்கவசத்துக்குள் அவரோடு சேர்ந்து ஊதினேன். முதலில் அவரால் முடியவில்லை, நடுவில் அறுந்து அறுந்து போனது. நான் அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு நீண்டது. குவிந்திருந்த விரல்கள் தளர்ந்தன. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடம்பில் நடந்துகொண்டிருந்த ஒன்றாவது தன் பேச்சைக் கேட்கிறது என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. என் முதுகுப் பக்கமிருந்து சகாயம் வந்தான். கையில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குடுவை. "தண்ணி பட்டா தெரிஞ்சிடும் சிஸ்டர்," என்று சொல்லிக்கொண்டே கம்பிக்கு நடுவே வீசிவிட்டான்.

லூர்து போட்ட சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. பின்னால் பாய்ந்து சுவரில் மோதி, தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சரிந்தார். வெளியே பெண்கள் கத்தினார்கள். "பாத்தீங்களா, அதேதான், அதேதான்," என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் பின்வாங்கியது. பிலோமினா மட்டும் முன்னால் ஓடி வந்தாள், இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு சகாயத்தின் மேல் வந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. திட்டினால் அவன் கயிற்றோடு கதவுக்குப் போவான். அவனும் பயந்துதான் போயிருந்தான்.

"சகாயம், ஆம்புலன்ஸ்காரங்களுக்கு இந்த வழி தெரியாது. நீ ரோட்டாண்ட போயி நின்னு கூட்டிக்கினு வா. இவங்க எல்லாரையும் களத்து மேட்டுக்கு அந்தாண்ட இட்டுக்கினு போ. ஒன்ன நம்பித்தான் சொல்றன்."

அவன் ஒரு நிமிடம் என்னையே பார்த்தான். பிறகு குடுவையைக் கீழே போட்டுவிட்டுப் போனான். கூட்டம் அவன் பின்னால் போனது. பயந்தவர்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தானே விலகிப் போய்விடும். இது நோயாளிக்கும் பொருந்தும், கூட்டத்துக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

உள்ளே சத்தமில்லை. சத்தம் போடும் நோயாளியைவிடச் சத்தம் நின்றுபோன நோயாளியைப் பார்த்துப் பயப்படுங்கள். நான் கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு பார்த்தேன். மூலையில் உட்கார்ந்திருந்தார். மூச்சு இருந்தது. முகத்திலிருந்து தண்ணீர் வழிந்தது. புறங்கையால் வாயைத் துடைத்து, உதட்டை நக்கி, விழுங்கினார். அதைப் பார்த்தேன். மனதில் குறித்துக்கொண்டேன். அடுத்து, மூலையில் மருந்தடிக்கும் கருவியைப் பார்த்தேன். கரும்புக்கு அடிக்கும் பூச்சிமருந்தையும் அங்கேதான் வைப்பார்கள். அதன் பாட்டில் மட்டும் கண்ணில் படவில்லை.

நேராகத்தான் கேட்டேன்.

"லூர்து, சாவணும்னு நெனைக்கறீங்களா?"

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே உள்ளே போட்டுவிடுவோமோ என்று உங்களுக்குத் தயக்கம் வரும். தயங்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை, தயக்கம் வரட்டும், தயங்கிக்கொண்டே கேளுங்கள். ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு, யாராவது கேட்டார்களே என்பதே ஒரு கதவு திறந்த மாதிரி.

மூலையிலிருந்து பதில் வந்தது. "ஆமா."

"அந்த மருந்து பாட்டில் உங்ககிட்டயா இருக்குது?"

"மடியில வெச்சிருக்கன்."

"குடிச்சிட்டீங்களா?"

"இல்ல. தொறக்கல."

சன்னலுக்கு எதிரே கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன். இப்போது அவர் முகமும் என் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"ஏன் லூர்து?"

"புள்ளய கடிச்சிட்டன்னா இன்னா பண்றது சிஸ்டர்? ராத்திரி என் பக்கத்துலதான் வந்து படுத்துக்கும். சொன்னா கேக்காது. நான் நானா இல்லாம போயி, புள்ள மேல..." பாட்டிலை மடியோடு அழுத்திக்கொண்டார். "அதுக்கு முன்னாடியே போயிட்டா புள்ள தப்பிச்சிக்கும்."

நாங்கள் எல்லோரும் அவர் தண்ணீருக்குப் பயப்படுகிறார், சாவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவருடைய பயத்தின் பெயர் ஜெனி. அது தெரியாமல் நாள் முழுக்க ஆறுதல் சொல்லியிருந்தாலும் அவர் கதவைத் திறந்திருக்க மாட்டார்.

அப்படி நடக்காது என்று நான் சொல்லவில்லை. அவர் நம்பியிருக்க மாட்டார். "சரி," என்றேன். "ஜெனிக்கிட்ட நீங்க போவாம பாத்துக்கறது என் வேல. இங்கேர்ந்து ஆஸ்பத்திரி வரைக்கும் உங்களுக்கும் அவளுக்கும் நடுவுல நான் இருக்கன். அவ இப்ப பள்ளிக்கூடத்துல இருக்கா. டாக்டருங்க சரின்னு சொல்ற வரைக்கும் அவள உங்ககிட்ட உட மாட்டன். நீங்களே கேட்டாலும் உட மாட்டன். இதுக்கு அந்த பாட்டில் தேவயில்ல. என்னாண்ட குடுத்துடுங்க."

"சத்தியமா உட மாட்டீங்களா?"

"உட மாட்டன்."

அவர் எழுந்து வந்தார். நானும் எழுந்து, முதலில் சொன்ன தூரத்தை மறந்து சன்னல் கம்பியருகே நின்றேன். நீங்கள் அப்படி நிற்காதீர்கள். கம்பி வழியாகப் பாட்டிலை நீட்டினார். மூடி மூடியபடியே இருந்தது. கையுறை போட்ட கையால் வாங்கி, எனக்குப் பின்னால் வைத்தேன்.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது அவரே தாழ்ப்பாளைத் திறந்தார். வெளியே வந்ததும் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். "கட்டிடுங்க சிஸ்டர்."

"கட்டினா மூச்சு இன்னும் ஏறும். துண்ட ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு வாங்க. அது போதும்."

பிலோமினாவை முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார வைத்தேன். பின்னால் அவரும் நானும் ஆம்புலன்ஸ் ஊழியரும். வழியில் என்னிடம் இருந்த தைரியம் எல்லாம் இறங்கிப்போய்விட்டது. நான் பார்த்ததெல்லாம் சரியா, பார்க்க விரும்பியதைத்தான் பார்த்தேனா என்று ஓடிக்கொண்டே இருந்தது. அவர் துண்டைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்காக மூச்சை நீட்டி விட்டுக்கொண்டிருந்தேன். பாதி எனக்காகவும்.

பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவர்கள் நிதானமாகப் பார்த்தார்கள். நான் கண்டதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். என் முடிவைச் சொல்லவில்லை, கண்டதை மட்டும். அவர்களும் உடனே முடிவு சொல்லவில்லை. இது பயமாகத்தான் தெரிகிறது, ஆனால் ஊசி போடாத கடி, சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். பயமாகவே இருந்தாலும் தடுப்பூசி போட்டாக வேண்டும், இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றார்கள். கடித்த நாய் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

அதாவது, ஊசி.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. மோட்டார் கொட்டாயில் சிவந்து வியர்த்த முகம், இங்கே சாம்பல் நிறத்துக்குப் போனது. ஊசி அறையில் இருந்த பெண் நல்லவள், கனிவாகத்தான் சொன்னாள். "அண்ணே, உடம்ப நல்லா தளர்த்தி விட்டுட்டு, மூச்ச இழுத்து விடுங்க."

"வேணாம்மா," என்றேன். "இவருக்கு அது வேணாம்."

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மனிதருக்குள் இரண்டு பயங்கள் இருந்தன. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். கொட்டாயில் வந்த பயத்தில் உடம்பு முறுக்கேறி நின்றது, அதைத் தளர்த்த வேண்டியிருந்தது. ஊசியையும் ரத்தத்தையும் பார்த்து மயங்கி விழுகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அவர்களைத் தளர்ந்திருக்கச் சொன்னால் நாமே விழ வைக்கிறோம் என்று அர்த்தம்.

படுக்க வைத்தோம். ஊசி போடும் கையை மட்டும் தளர விடச் சொன்னேன். தொடை, வயிறு, மறு கை எல்லாவற்றையும், சிமெண்ட் மூட்டை தூக்குகிற மாதிரி இறுக்கச் சொன்னேன். முகத்தில் சூடு ஏறும் வரை இறுக்கி, கொஞ்சம் விட்டு, மறுபடி இறுக்கச் சொன்னேன். மூட்டை என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டில் கம்பி அவர் பிடியில் கிறீச்சிட்டது. அந்தப் பெண் சத்தமில்லாமல் போட்டு முடித்தாள். காலில் தழும்பைச் சுற்றிப் போட்ட எதிர்ப்பு மருந்து ஊசிதான் கொடுமை. அதற்கும் மயங்கவில்லை. முடிந்ததும், "அவ்ளோதானா?" என்று கேட்டார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். பிலோமினா கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பஞ்சு விஷயம் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. உள்ளே வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த நாட்களில் என் கைபேசி அடித்தால் முதல் மணியிலேயே எடுத்தேன். பிலோமினாதான் அழைப்பாள். கஞ்சி குடிச்சாரு சிஸ்டர் என்பாள். இட்லி சாப்ட்டாரு என்பாள். ஒரு நாள், "டீ கேட்டு வாங்கிக் குடிச்சாரு, சக்கர கம்மின்னு திட்டினாரு," என்றாள். அந்த நோயாக இருந்தால் இத்தனை நாளில் அது தன் வேலையைக் காட்டியிருக்கும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். மனநலப் பிரிவில் சேர்த்து, பதற்ற நோய்க்கு மருந்தும் பேச்சு வைத்தியமும் தொடங்கினார்கள். பூச்சிமருந்துப் பாட்டில் எதுவும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது என்று சகாயத்திடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் போய் வந்தார். நடுவில் ஒரு முறை மோசமாகி, மறுபடி தேறினார். இப்போதும் நாய் குரைத்தால் வண்டிக்குள் ஏறிக்கொள்வார் என்று கேள்வி. மற்றபடி திருக்கனூர் சந்தை வரை லோடு போய் வருகிறார்.

டாக்டர்கள் சரி என்று சொன்ன அன்று நான் ஜெனியை அழைத்துக்கொண்டு போய் அவரிடம் விட்டேன். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே. வேறு யாரும் விடுவதை அவர் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார். அவள் நேராக அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அவள் ரப்பரைத் திருடிய கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் முதலில் கைகளைத் தூக்கியபடியே வைத்திருந்தார். கதை முடிவதற்குள் கைகள் இறங்கிவிட்டன.

அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் இரண்டு காரியம் செய்தோம். டாக்டர் ஊசி அறைக்கு ஒரு திரை வாங்கிப் போட்டார், வரிசையில் நிற்பவருக்கு முன்னால் இருப்பவரின் ஊசி தெரியாது. நான் ஓய்வு பெறும் வரை, ஊசி உறையைப் பிரிக்கும் முன்னால் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டேன். "ஊசின்னா மயக்கம் வருமா உங்களுக்கு?" நிறைய பேர் சிரிப்பார்கள். சிலர் கோபித்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் நாய்க்கடியோடு ஒரு தலைமைக் காவலர் வந்தார். சீருடை, பெரிய மீசை, வெளியே அவரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்த கூட்டம். அவரிடமும் கேட்டேன். அவர் திரும்பி, திரை சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வரும்மா," என்றார், மெல்லிய குரலில். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

படுக்கையைத் தட்டிக் காட்டினேன்.